மலர் அன்ரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்

என் பயிற்சிக்காலம் மொத்தம் நானூற்று இருபது மணித்தியாலம். அதில் நான் உண்மையாக வேலை செய்தது நானூற்றுப் பதினாலு. மிச்ச ஆறு மணித்தியாலத்தையும் வரிக் கந்தோர் முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் தானாகவே சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். செத்தவீட்டில் நின்றதும் கந்தோர் வேலைதான் என்றார். நான் மறுக்கவில்லை. எனக்கு மறுத்துப் பழக்கமில்லை.

அது உங்கள் அப்பாவின் செத்தவீடு.

நிலாணி அக்கா, முப்பத்தோராம் நாள் சடங்கு மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் வைத்து நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். அப்பா இறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து கந்தோருக்கு எத்தனை தரம் போன் வந்தது என்று. ஒருக்கா என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு ஒரு கப் பாயாசம் எடுத்துத் தந்தீர்கள். நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத் திருத்தத்தான் இதைச் சொல்கிறேன். அங்கேயே திருத்தியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

முதலில் கந்தோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே வந்ததில்லை. வந்திருந்தால் சில விஷயங்கள் விளங்கியிருக்கும்.

நான் உயிரியல் படித்தவள். பட்டம் கிடைத்த பிறகு மூன்று ஆய்வுகூடங்கள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன. மூன்றிலும் கேட்ட கேள்விகளுக்கு எனக்கு விடை தெரிந்திருந்தது. சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு கணக்கியல் படிக்க ஒரு கொலிச்சில் சேர்ந்தேன். கோடையில் ஒரு கணக்காளரிடம் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அந்தப் படிப்பின் விதி. என் அப்பா தனக்குத் தெரிந்த ஸ்ரீஸ்கந்தராசா அங்கிளிடம் கூட்டிக்கொண்டு போனார். “இலக்கத்தோடை இருக்கிற வேலை. வாய் தேவையில்லை” என்று காரில் சொன்னார். என் அப்பா ஒருநாளும் ஒரு வரிக் கந்தோருக்குள் அரை மணித்தியாலம் இருந்து பார்த்ததில்லை.

வரிக் கந்தோருக்கு ஆட்கள் கதைக்கத்தான் வருகிறார்கள். பற்றுச்சீட்டுகளைக் கடைப் பையோடு மேசையில் கொட்டிவிட்டு மகனின் விவாகரத்தில் தொடங்குவார்கள். அதைக் கேட்டு முடித்தால்தான் போன வருடம் லொறிக்கு எவ்வளவு டீசல் அடித்தார்கள் என்பது வரும். ஸ்ரீ அங்கிளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் உள்ளறையில் இருப்பார். அவருடைய மருமகன் பிரசாந்துக்குத் தமிழ் பாதிதான் வரும். ஆட்களை இருத்தி, கதை கேட்டு, சிரிக்க வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்புகிற வேலை முழுவதும் உங்கள் அம்மாவுடையது. நான் அவரை மலர் அன்ரி என்று கூப்பிடுவேன். அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசை எனக்கு.

முதல் நாளே அன்ரி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிடுவார். கேற்றறிங் நடத்துகிற புஸ்பராணி அன்ரி ஒருநாள் என் மேசை முன்னால் நின்று, “என்ன பிள்ளை, வாயை வாடகைக்குக் குடுத்திட்டியோ?” என்றார். மலர் அன்ரி தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “ஓம், எனக்குத்தான் தந்திருக்கிறா. எனக்கு ஒண்டு காணாதெண்டு உனக்குத் தெரியும்தானே.” எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது எனக்குப் புதியது.

கந்தோரில் ஒரு சட்டம் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் கைபேசி பார்க்கக் கூடாது. காலையில் வந்ததும் எல்லாரும் கைபேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி உள்ளே அலுமாரியில் வைத்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அவசரத்துக்குக் கந்தோர் போனுக்குத்தான் எடுப்பார்கள். உங்கள் அப்பாவும் அதற்குத்தான் எடுப்பார். அவசரத்துக்கு இல்லை, மரக்கறிக் கடையில் நின்றுகொண்டு கத்தரிக்காய் வாங்குவதா இல்லையா என்று கேட்பதற்கு.

என் பயிற்சி மதிப்பீட்டில் தொலைபேசியில் பேசுவதற்கும் ஒரு புள்ளி உண்டு. போன் அடித்தால் என் தொண்டையில் ஒரு தசை இறுகும். அதன் பெயர் எனக்குத் தெரியும், தெரிந்தும் பயனில்லை. அன்ரிதான் வழி சொன்னார். மத்தியானம் அவர் பின்னறையில் சாப்பிடுகிற நேரம் மட்டும் நான் போனை எடுத்துப் பழகுவது. பிரசாந் ஒரு மஞ்சள் தாளில் இரண்டு வசனம் எழுதி, போனுக்குக் கீழே ஒட்டினான். ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று ஆங்கில எழுத்தில் தமிழாக. அவ இப்ப இல்லை, ஏதும் சொல்லவேணுமோ. “ஜஸ்ற் வாசி, ஓகே? ஸ்கூல் நாடகம் மாதிரி. போன் ஒண்டும் கடிக்காது” என்றான்.

நான் முதன்முதல் எடுத்த அழைப்பு உங்கள் அப்பாவுடையது. தாளில் இருந்ததை வாசித்தேன். பிறகு, “ஆர் கதைக்கிறது? மலர் சொன்ன ஊமைப் பிள்ளையோ?” என்றார். ஓம் அங்கிள் என்றேன். “ஊமை கதைக்குது! இண்டைக்கு மழைதான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதற்கு எடுத்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். அன்று உண்மையில் மழை பெய்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அவரில் ஒரு கோபமும் இருக்கவில்லை என்று நீங்கள் அறிய வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் அவருக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாகி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். இருதயம் என்று அன்ரி சொன்னார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அங்கிருந்து கந்தோருக்குப் போன் வந்தது. அன்ரிதான் எடுத்தார். உடனே வரச் சொன்னார்களாம். கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினார். ஸ்ரீ அங்கிள் அன்று நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காக நின்றார். பிரசாந்துக்கு விடுமுறை. முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். முதலில் ஒருவர் தட்டினார். பிறகு இன்னொருவர் தட்டினார். “பிள்ளை, உயிரோடை இருக்கிறியோ?” என்று ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது. போன் அடித்து ஓய்ந்தது, திரும்ப அடித்தது. அங்கிள் வந்து கதவைத் தட்டும்வரை நான் அங்கேயே இருந்தேன். அங்கிள் கத்தவில்லை. “இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் கொலிச்சுக்குச் சொல்லவேண்டி வரும் பிள்ளை. வேறை வழியில்லை” என்று மட்டும் சொன்னார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்த நாள் அன்ரி வந்து சிரித்துச் சிரித்துக் கதை சொன்னார். “நான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஓடிப் போறன், மனுசன் ஜெலி சாப்பிட்டுக்கொண்டு கிறிக்கெற் பாக்குது. ஏன் வந்தனி, கந்தோர் எரிஞ்சு போச்சோ எண்டு என்னைக் கேக்குது.” ஆகவே, ஆஸ்பத்திரியில் இருந்து வரச் சொல்வதெல்லாம் அவசரம் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு முன்னுதாரணம் இருந்தது. ஒன்றுதான். விஞ்ஞானத்தில் ஒன்று போதாது. எனக்கு அது தெரியும்.

இன்னொரு விஷயமும் இருந்தது. மே மாதத்தில் சசிகரன் என்கிற லொறி ஓடுகிற அண்ணை ஒருவர் கையெழுத்துப் போட வந்திருந்தார். அவர் கதிரையில் இருக்கும்போதே அவருடைய தம்பி கந்தோருக்குப் போன் எடுத்து, ஊரில் அம்மா செத்துப்போய்விட்டார் என்று அன்ரியிடம் சொன்னார். அன்ரியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கீழே இருக்கிற ரேக் அவுட் சாப்பாட்டுக்கடைக்கு என்னை அனுப்பி இரண்டு ரோல்சும் தேத்தண்ணியும் எடுப்பித்தார். சசிகரன் அண்ணை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லச் சாப்பிட வைத்தார். கடைசித் துண்டையும் விழுங்கிய பிறகுதான், “வீட்டை ஒருக்காப் போட்டுப் போங்கோ தம்பி. அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்” என்றார். அவர் எழும்பிப் போன பிறகு வெறும் தட்டை எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டு, “இனி மூண்டு நாளைக்கு அவன் ஒண்டும் தின்னான்” என்றார். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஒருவர் அதைச் செய்வதை முழுவதுமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அது மிகவும் ஒழுங்காக இருந்தது.

இனி ஜூன் பதினைந்து.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வரிக் கணக்குக் கொடுக்க அதுதான் கடைசி நாள். லொறிக்காரர், ஊபர் ஓடுகிறவர், கிளீனிங் கொன்றாக்ற் எடுத்தவர், எல்லாரும் அன்றைக்குத்தான் வருவார்கள். பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரர் தன்னுடைய கணக்கை மூன்று பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, வந்து பார்த்து எடுங்கோ என்றார். அங்கிளும் பிரசாந்தும் காலையிலேயே அங்கே போய்விட்டார்கள். நானும் அன்ரியும் மட்டும். பன்னிரண்டு மணிக்கு முன்னறையில் கதிரை போதாமல் இரண்டு பேர் படியில் நின்றார்கள்.

அன்ரிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். “பத்தே பத்து நிமிசம், ஒருத்தரும் எழும்பிப் போகக் கூடாது, போறவைக்கு ரெண்டு மடங்கு வரி” என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னறைக்குப் போனார். பின்னறைக்குக் கண்ணாடிக் கதவு. என் கதிரையில் இருந்து பார்த்தால் அவர் பிட்டைக் குழைப்பது தெரியும்.

அப்போது போன் அடித்தது.

எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு தாதி பேசினார். கிறிஸ்ரினா என்று பெயரைச் சொன்னார். மனைவியின் கைபேசிக்கும் மகளின் கைபேசிக்கும் எடுத்துப் பார்த்ததாகவும், இரண்டிலும் பதில் இல்லை என்றும் சொன்னார். நீங்கள் வேலைத்தளத்துக்குள் நின்றீர்கள், உங்கள் போன் லொக்கருக்குள். காலையில் இருந்து அவருக்கு மூச்சுக் குறைந்துகொண்டு வருகிறது, அரை மணித்தியாலத்துக்குள் குழாய் போட்டு இயந்திரத்தில் விடப் போகிறோம், அதற்கு முன்னர் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார், மனைவி அங்கே இருக்கிறாரா என்று கேட்டார்.

தாளில் இருந்த ஆங்கில வசனத்தை வாசித்தேன். அவர் இப்போது இல்லை, ஏதாவது சொல்ல வேண்டுமா.

என் குரல் நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். தொண்டையில் அந்தத் தசை இறுகவில்லை. அந்த அழைப்பு மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. போனை வைத்த பிறகு என் கையைப் பார்த்தேன். அது சாதாரணமாக இருந்தது.

குழாய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அது குரல்நாண்கள் இரண்டுக்கும் நடுவாகத்தான் போகும். உள்ளே இருக்கும்வரை ஆள் பேச முடியாது. மயக்க மருந்தும் கொடுப்பார்கள். அந்த வயதில், அந்த இருதயத்தோடு அதற்குள் போகிறவர்களில் பலர் திரும்பி எழும்புவதில்லை. இரண்டாம் வருடத்தில் படித்தோம். நான் அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தேன்.

கண்ணாடிக்குள் அன்ரி இரண்டாவது வாய் வைத்தார். கந்தோரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ரக்சியில் இருபது நிமிடம். நான் கணக்குப் பார்த்தேன். இப்போது சொன்னால் குளிசையோடு வெறும் வயிற்றில் ஓடுவார், வழியில் விழக்கூடும். சாப்பிட்டு முடியட்டும், பிறகு சொல்லலாம். அப்படித்தான் செய்வது வழக்கம் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கிறவர் விஷயத்தில் அந்த வழக்கம் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தது என்றும் சொல்லலாம்.

அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஆரும் எடுத்தவையோ?”

முன்னறையில் அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்லை அன்ரி” என்றேன்.

அது மிகவும் இலகுவாக வந்தது. இரண்டு சொல். நான் வழக்கமாக ஒரு சொல்லோடு நிறுத்துகிறவள்.

அதற்குப் பிறகு அந்தக் கந்தோரில் நான் கண்ட மிக நல்ல மத்தியானம் அதுதான். ஒவ்வொருவராக வந்தார்கள். அன்ரி கேட்டு எழுதினார், நான் கணினியில் ஏற்றினேன். புஸ்பராணி அன்ரி வந்து, “சாறியையும் செலவிலை போடுமன் மலர். கேற்றறிங்குக்கு உடுத்துக்கொண்டுதானே போறனான்” என்றார். “போடலாம். வரிக்காரன் வந்து கேட்டா நீ அந்தக் காஞ்சிபுரத்தோடை ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சுக் காட்டவேணும். சம்மதமோ?” என்று அன்ரி கேட்டார். படியில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்ரி தன் பகிடிக்குத் தானே சிரித்து, கண்ணில் வந்த தண்ணியைத் துடைத்தார். நான் மணியைப் பார்த்தேன். ஒன்றுக்குக் கிட்ட. குழாய் போட்டு முடிந்திருக்கும்.

முடிந்த பிறகு அவசரம் என்று ஒன்று இல்லை. பேச முடியாத ஆளிடம் அன்ரி ஓடிப்போய் என்ன செய்வது? இரண்டு மணிக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். இரண்டு மணிக்கு ஒரு ஊபர்க்காரர் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தார், அன்ரி இல்லாமல் அவரைச் சமாளிக்க முடியாது. மூன்று மணிக்குப் படியில் ஒருவர்தான் மிச்சம், அவரையும் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்தேன். அன்று ஒருவரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னர் இரண்டாவது அழைப்பு வந்தது. நீங்கள் அறிந்தது இதைத்தான். பேசியது வைத்தியர். மனைவியை உடனே வரச் சொல்லுங்கள், அவரோடு கூட வர யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கூட வர ஆள் இருக்கிறதா என்று எப்போது கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஸ்ரீ அங்கிளுக்கு நானாகவே போன் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தரம் நானாக ஒரு நம்பரை அழுத்தி ஒரு ஆளைக் கூப்பிட்டேன். அவரும் பிரசாந்தும் அதற்குள் ஒஷாவாவில் இருந்து புறப்பட்டுப் பாதி வழி வந்திருந்தார்கள். அங்கிள் வந்து சேரும்வரைக்கும் அன்ரிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கிறீம் கிறக்கர் பிஸ்கற் இரண்டு வைத்தேன். “என்ன இண்டைக்கு உபசாரம்? மார்க்ஸ் போடுறது நானில்லை, உள்ளறைக்காரர்” என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார். ஸ்ரீ அங்கிளின் கார் கீழே நின்ற பிறகுதான் சொன்னேன். “அங்கிளுக்குக் கொஞ்சம் கடுமையாம் அன்ரி.” அவர் என்னைப் பார்த்தார். அந்த வசனம் அவருக்குத் தெரிந்த வசனம். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். நான் அவருடைய கையைப் பிடித்துப் படியால் இறக்கினேன்.

ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வரும்போது நான் சுவரோடு நின்றேன்.

செத்தவீட்டில் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளை எவ்வளவு பக்குவமாய்ச் செய்திருக்குது, சாப்பிட வைச்சு, ஆளைக் கூப்பிட்டு, பிறகுதான் சொல்லியிருக்குது என்று. புஸ்பராணி அன்ரி என் கன்னத்தைத் தொட்டு, “ஊமை எண்டு நினைச்சம். பெரிய மனுசி மாதிரி நடந்திருக்கிறாய்” என்றார். என் அம்மா அழுதார். எனக்காக அம்மா பெருமையில் அழுதது அதற்கு முன்னர் நடந்ததாக நினைவில்லை. நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் தண்ணி போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அன்ரியின் கைபேசியில் பன்னிரண்டு மணிக்கு ஒரு தவறிய அழைப்பு இருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகுதான் பார்த்தார். அலுமாரிக்குள் வைத்தது தன்னுடைய பிழை என்று சொல்லித் தலையில் அடித்தார். ஸ்ரீ அங்கிள் அது தன்னுடைய சட்டம், தன்னுடைய பிழை என்றார். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். இப்போது எல்லாரும் கைபேசியை மேசையில் வைத்திருக்கிறார்கள். கந்தோருக்கும் ஒருக்கா எடுத்துப் பார்த்திருப்பார்களே என்று யோசித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

என் மதிப்பீடு நன்றாக வந்தது. தொலைபேசிக்கு அங்கிள் முழுப் புள்ளி போட்டிருந்தார். நெருக்கடியில் நிதானமாக நடப்பவர் என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.

அன்ரி மூன்று கிழமையில் வேலைக்குத் திரும்பி வந்தார். ஆட்களை இருத்தினார், கதை கேட்டார், கையெழுத்து வாங்கினார். பகிடி இல்லை. ஆட்கள் இல்லாத நேரத்தில் என் பக்கம் திரும்பி ஒன்றையே சொல்வார். “ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டார் பிள்ளை. முப்பத்தெட்டு வருசம் வாய் மூடாத மனுசன். எனக்கெண்டு ஒரு சொல்லு வைக்கேல்லை.” கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன், அவர் எழும்ப வேண்டி வராமல். ஓகஸ்ட் முடியும்வரை அப்படியே போனது. நான் ஒருநாளும் லீவு எடுக்கவில்லை.

நான் எதற்காகச் செய்தேன் என்று கேட்பீர்கள். அன்ரியின் உடம்புக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் போயிருந்தால் அத்தனை பேரோடும் நான் தனியாக இருந்திருப்பேன் என்பதும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் காட்டின. அப்படி இருக்கும்போது எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நீங்கள் எத்தனை தரம் என்றுதான் கேட்டீர்கள். இரண்டு தரம். அதோடு என் பதில் முடிகிறது. ஆனால் முதல் அழைப்பு மூன்று நிமிடம் என்று சொன்னேன். தாதி பேசியது அதில் ஒரு நிமிடம்தான்.

நான் தாளில் இருந்ததை வாசித்ததும், பரவாயில்லை, அவர் தன்னுடைய பாஷையில் உங்களிடமாவது சொல்லட்டும், ஒட்சிசன் முகமூடியைக் கொஞ்ச நேரம் விலக்கிப் பிடிக்கிறேன் என்றார் தாதி. பிறகு காற்று இரைகிற சத்தம் கேட்டது. பிறகு உங்கள் அப்பா பேசினார்.

“ஆர்... பிள்ளையோ?”

ஓம் அங்கிள் என்றேன்.

“மலர் நிக்கிறாளோ?”

தாளில் இருந்த தமிழை வாசிக்க எனக்கு வரவில்லை. சாப்பிடுறா அங்கிள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். “சாப்பிடட்டும். பிறகு நாளைக்குச் சாப்பிடமாட்டாள். முடிச்ச உடனை வரச் சொல்லு. குழாய் போடப் போறாங்களாம்... எனக்குப் பயமாக் கிடக்கெண்டு சொல்லு பிள்ளை.”

சொல்லுறன் அங்கிள் என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லைப் போல. நான் கதைக்காத பிள்ளை என்று அவருக்குத் தெரியும். “என்னெண்டு சொல்லுவாய்? ஒருக்காச் சொல்லிக் காட்டு” என்றார்.

நான் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு சொல்லிக் காட்டினேன். “அங்கிளுக்குப் பயமாக் கிடக்காம் அன்ரி. கெதியா வரட்டாம்.”

ஒரு சொல்லும் தடக்கவில்லை.